அறிவியல் புனைகதை என்று எதைச் சொல்கிறோம்? 1954-இல் வந்த ஒரு கதையை வைத்துப் பேசுவோம்

#1 தாமிரபரணிக்கரை

எங்கள் ஊரில் மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் கதை படிக்கிறோம். இந்த மாதம் என் முறை. டாம் காட்வின் எழுதிய ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’ கதையைக் கொண்டுபோனேன். 1954 ஆகஸ்ட் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வந்த கதை. படித்து முடித்ததும் எங்களில் மூத்தவர் ஒருவர், “மனசைப் பிசைகிறது, சரி. ஆனால் இதற்கு விஞ்ஞானக் கதை என்று தனிப் பெயர் எதற்கு? விண்கலத்தை எடுத்துவிட்டுப் படகு என்று போட்டாலும் இதே கதைதானே?” என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் வரவில்லை. இரண்டு நாளாக அதே நினைப்பு.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கம், முடிவையும் சேர்த்துத்தான். வோடன் என்ற கோளில் ஆறு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து எடுத்துக்கொண்டு ஒரு சிறிய அவசரக் கலம் போகிறது. உள்ளே பார்ட்டன் என்ற ஓட்டுநர் மட்டும். தரையிறங்க எவ்வளவு எரிபொருள் வேண்டுமோ அவ்வளவுதான் கொடுத்திருக்கிறார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில், சாமான் வைக்கும் அறைக்குள் உடல் சூடு இருப்பதாக ஒரு சின்ன முள் காட்டுகிறது. திறந்தால் பதினெட்டு வயதுப் பெண், மேரிலின். பல வருடமாகப் பார்க்காத அண்ணன் அந்தக் கோளில் இருக்கிறான். பிடிபட்டால் அபராதம் போடுவார்கள், கட்டிவிடலாம் என்று நினைத்து ஒளிந்து ஏறியவள். அவள் எடையோடு கலம் இறங்க முடியாது, விழுந்து நொறுங்கும். மருந்தும் போகும், அந்த ஆறு பேரும் போவார்கள். ஒளிந்து வந்தவரைக் கண்டதும் வெளியே தள்ள வேண்டும் என்பது சட்டம். பார்ட்டன் கலத்தின் வேகக்குறைப்பைக் கொஞ்ச நேரம் தளர்த்தி அவளுக்குக் கொஞ்ச நேரம் சம்பாதித்துக் கொடுக்கிறான். அவள் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறாள், அண்ணனோடு ரேடியோவில் பேசுகிறாள், அப்புறம் தானாகவே எழுந்து வெளிக்கதவு அறைக்குள் போகிறாள்.

இதைப் படகுக் கதையாக எழுத முடியுமா, முடியாதா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 கரும்பலகை

முடியாது என்பது என் கட்சி. படகிலிருந்து ஒருவனைத் தள்ளினால் அவன் நீந்தலாம், கட்டை கிடைக்கலாம், இன்னொரு படகு வரலாம். கடலோரத்துக்காரர்களுக்கு அந்த ‘லாம்’ எவ்வளவு பெரியது என்று தெரியும். இந்தக் கதையில் ‘லாம்’ என்ற பேச்சே இல்லை. அதை எடுத்துவிட்டதுதான் கதை.

நான் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். போன வருடம் உந்தம் பாடம் முடிந்த அன்று இந்தக் கதையை வாயாலேயே தமிழில் சொன்னேன். கதையை அவள் வெளிக்கதவுப் பக்கம் நடக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டைப் பலகையில் எழுதினேன். குறைக்க வேண்டிய வேகம் மாறாது என்றால், எடை எவ்வளவு கூடுகிறதோ எரிபொருளும் அதே விகிதத்தில் கூட வேண்டும். வாயு வெளியேறும் வேகமும் குறைக்க வேண்டிய வேகமும் சமம் என்று வைத்துக்கொண்டோம். 50 கிலோ எடையுள்ள பெண் என்றால் 86 கிலோ எரிபொருள் கூடுதலாக வேண்டும். அந்த 86 கிலோ அங்கே இல்லை.

பிள்ளைகள் விடவில்லை. “சார், நாற்காலியைக் கழற்றி வெளியே போடலாம்.” “அந்த அறைக் கதவைக் கழற்றலாம்.” “அவர்கிட்ட இருக்கிற துப்பாக்கி?” “அண்ணனோடு பேசி முடித்ததும் ரேடியோவையும் போட்டுடலாம் சார்.” ஒவ்வொன்றுக்கும் குத்துமதிப்பாக எடை போட்டுப் பலகையில் கூட்டிக்கொண்டே வந்தோம். முப்பது கிலோவைத் தாண்டியபோது வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும் கணக்கில் சேராமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டது: “சார், அந்தக் கதவுக்கு ஏன் பூட்டு போடல?”

நான் அன்று கணக்கைப் பற்றிப் பேசத்தான் தயாராகப் போயிருந்தேன்.

#3 ஸ்பேனர்

அந்தப் பொண்ணு கேட்டதுதான் சரியான கேள்வி. இருபத்திரண்டு வருடமாக மெயின்டனன்ஸில் இருக்கிறேன். எந்த இயந்திரத்தையும் ‘தேவையான அளவுக்கு மட்டும்’ என்று யாரும் செய்வதில்லை. ஜெட் விமானம் மாற்று விமான நிலையத்துக்குப் போகும் எரிபொருளுக்கும் மேலே, கடைசிக் கையிருப்பாக முப்பது நிமிடத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆறு உயிரைக் காப்பாற்றப் போகும் கலத்தில் ஒரு சொட்டு மிச்சம் இல்லை. கிளம்பும் முன் அந்த அறையைத் திறந்து பார்க்க ஓர் ஆள் இல்லை. ‘அனுமதி இல்லாதவர் உள்ளே வரக்கூடாது’ என்று ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே வந்தால் செத்துப்போவாய் என்று அந்தப் போர்டு சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த இடத்தில் ஒரு பையனுக்குக் கன்வேயரில் இரண்டு விரல் போயிற்று. விசாரணை அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். அங்கேயும் போர்டு இருந்தது. கை போகும் இடத்தில் மூடி இருக்க வேண்டும், மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும், அதெல்லாம் செய்த பிறகு கடைசியாக மாட்டுவதுதான் போர்டு. அந்தப் பையன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தக் கதையைப் படிக்கும்போது இயற்கை விதியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கலத்துக்குப் படம் வரைந்தவன் மேல்தான் வந்தது.

#4 மல்லிகைப்பந்தல்

படம் வரைந்தவர் யார் என்று பதிவே இருக்கிறது. ‘அஸ்டவுண்டிங்’ ஆசிரியர் ஜான் கேம்பெல். காட்வின் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்து எழுதி அனுப்பியிருக்கிறார், கேம்பெல் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவள் சாக வேண்டும் என்பது அவர் முடிவு. அதனால் ‘இயற்கை விதிக்கு இரக்கம் இல்லை’ என்று கதை சொல்லும்போது, அதன் பின்னால் ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்திருப்பதும் எனக்குத் தெரிகிறது. வந்தவள் பெண், சின்ன வயது, கள்ளம் இல்லாதவள், கடைசியில் தானே நடந்து போகிறாள். அதுவும் தேர்ந்தெடுத்ததுதான்.

ஆனாலும் கதையைத் தூக்கிப் போட என்னால் முடியவில்லை. அந்தக் காலத்து இதழ்களில் கெட்டிக்கார இன்ஜினீயர் ஒருவர் கடைசிப் பக்கத்தில் ஏதாவது செய்து எல்லாரையும் காப்பாற்றிவிடுவார். வாசகர்கள் அதற்காகவே காசு கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தின் கழுத்தை இந்தக் கதை பிடித்தது. வாசகர் உத்தி தேடித் தேடிக் களைக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் நாற்காலியைக் கழற்றினார்களே, அதுவும் இந்தக் கதை படிப்பவர்களிடம் வாங்கும் வேலைதான்.

#5 புலவர் வீட்டுப் பேரன்

படகு கேள்விக்கு எனக்குத் தோன்றிய பதில் வேறு. நம் மரபில் இரக்கமில்லாத ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: ஊழ். ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்கிறது குறள். கோவலன் வெட்டுப்பட்டதற்குச் சிலம்பு முற்பிறவிக் கணக்கைக் கொண்டுவந்து காட்டுகிறது. எவ்வளவு கொடுமையானாலும் அங்கே ஒரு பேரேடு இருக்கிறது, வரவுக்குச் செலவு நேராகிறது. மேரிலினுக்கு எந்தப் பேரேடும் இல்லை. போன பிறவியில் அவள் எதுவும் செய்யவில்லை. அவள் எடை அவ்வளவு, எரிபொருள் இவ்வளவு. காரணம் உண்டு, நியாயம் கிடையாது. படகுக் கதையில் கடலம்மாவை வேண்டிக்கொள்ளவாவது இடம் இருக்கிறது. எனக்கு முதுகு சில்லிட்டது அங்கேதான்.

ஒரு கேள்வியும் உண்டு. சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வருகிறதே, அதை அறிவியல் புனைகதை என்று சொல்லலாமா? கட்டியங்காரன் கோட்டையை வளைத்துக்கொள்கிறான். சச்சந்தன் கருவுற்ற விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போருக்குப் போகிறான். பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துப் பறக்கும், இடப்பக்கம் திருகினால் காலைக் குவித்து இறங்கும். திருத்தக்கதேவர் மந்திரம் என்று எங்கும் சொல்லவில்லை. பொறி என்றே சொல்கிறார், இயக்கும் முறையும் சொல்கிறார். பிறகு என்ன குறை?

#6 நூலகப்படி

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டார்கோ சுவின் என்ற விமர்சகர் 1970-களில் ஒரு வரையறை கொடுத்தார். கதையின் உலகம் நம் உலகத்திலிருந்து ஒரு புதுப் பொருளால் வேறுபட வேண்டும். அதை அவர் நோவம் என்ற லத்தீன் சொல்லால் குறித்தார். அந்தப் புதுப் பொருளை அறிவு ஏற்கும்படி காரண காரியத்தோடு தொடர்ந்துபோக வேண்டும். இரண்டாவது பாதிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரு வியப்பை வைத்தால் போதாது, அது கதையின் எல்லா மூலைக்கும் கசிய வேண்டும்.

இப்போது மயிலைப் பாருங்கள். பறக்கும் பொறி செய்யத் தெரிந்த தச்சன் அந்த நாட்டில் இருக்கிறான். அப்படியானால் கோட்டை மதில் எதற்கு? அகழி எதற்கு? கட்டியங்காரன் ஏன் பத்து மயில் செய்யச் சொல்லவில்லை? ஒற்றர்கள் ஏன் இன்னும் நடந்து போகிறார்கள்? வணிகர் ஏன் இன்னும் கப்பலில் முத்து ஏற்றுகிறார்கள்? காப்பியம் இதையெல்லாம் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. அரசி தப்ப வேண்டும், சீவகன் சுடுகாட்டில் பிறக்க வேண்டும். மயில் அதைச் செய்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. அதே மயிலை வைத்துக்கொண்டு மதில்கள் பயனற்றுப்போன ஒரு நாட்டை யாராவது எழுதினால் அது அறிவியல் புனைகதை.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ விகடனில் தொடராக வந்தபோது எல்லாரும் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது பெயர்கள். நிலா, சிபி, ரவி, ஜீவா. அந்த நாட்டில் பெயருக்கு இரண்டு எழுத்துதான் அனுமதி. எல்லாவற்றையும் கணிப்பொறியில் ஏற்றி ஆளும் அரசு பிள்ளைக்கு வைக்கும் பெயர்வரைக்கும் வந்துவிட்டது. கசிவு என்று நான் சொன்னது இதைத்தான்.

இன்னொன்று. இந்த வகைக்கு வாசிப்பு முறையே வேறு. ராபர்ட் ஹைன்லைன் 1942-இல் எழுதிய நாவலில் வரும் ஒரு சின்ன வாக்கியத்தை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். தமிழில் சொன்னால் ‘கதவு விரிந்தது’. கதவு திறக்கவில்லை, கண்ணின் பாவைபோல விரிந்திருக்கிறது. விளக்கம் எதுவும் இல்லை, கதை போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் கதவைச் செய்தது யார், எதனால் செய்தார்கள், அங்கே கீல் என்ற சொல்லே இருக்காதோ என்றெல்லாம் வாசகரே கட்டிக்கொள்ள வேண்டும். ‘அவளுடைய உலகமே சிதறிப்போனது’ என்று ஒரு குடும்பக் கதையில் வந்தால் துக்கம் என்று புரிந்துகொள்வோம். அறிவியல் புனைகதையில் வந்தால் ஒரு நொடி நின்று, நிஜமாகவே ஒரு கோள் உடைந்ததா என்று பார்க்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே நம்பிப் படிப்பது. உருவகமாக மாற்றிக்கொள்ள அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வகை பிடிபடுவதில்லை. உங்கள் மூத்த நண்பர் கலத்தைப் படகாக்கியதும் அப்படித்தான்.

#7 ஸ்பேனர்

மயிற்பொறியில் எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. ஓட்டுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது. முரசு கேட்டு விசயை மயங்கிவிடுகிறாள், மயில் சுடுகாட்டில் வந்து இறங்குகிறது. ஓட்டுநர் மயங்கினால் இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்பது ரயில்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். கை எடுத்தால் பிரேக் விழும் பிடி அதற்காகத்தான் வந்தது. மயில் விழாமல் இறங்கியிருக்கிறது. அதைச் செய்த தச்சனுக்கு ஒரு கும்பிடு. மேரிலின் ஏறிய கலத்தை அவனிடம் கொடுத்திருக்கலாம்.

#8 புலவர் வீட்டுப் பேரன்

இந்தப் பாட்டை நான் இத்தனை வருடம் இப்படிப் படித்ததே இல்லை. நன்றி ஐயா.

#9 கொட்டகலை

நான் இலங்கை மலையகம். வேலை விட்டு வந்துதான் இந்த இழையைப் பார்த்தேன். விதிக்குக் கட்டுப்படுவது பற்றிக் கதைக்கிறீர்கள், அதனால் எங்கட பக்கத்துக் கதையொன்றைச் சொல்கிறேன்.

ஆர்தர் சி. கிளார்க் 1956-இல் இலங்கைக்கு வந்து 2008-இல் சாகும் வரைக்கும் இங்கேயே இருந்தவர். 1979-இல் வந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அந்தக் கம்பி 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் புள்ளியிலிருந்து தொங்க வேண்டும். அந்தச் சுற்றுப்பாதை பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. ஆகவே கம்பியின் அடியும் ரேகையில் இருக்க வேண்டும். கிளார்க்குக்கு அது சிவனொளிபாதமலையில்தான் இருக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் மலையோ கிட்டத்தட்ட ஏழு பாகை வடக்கே நிற்கிறது. என்ன செய்தார் தெரியுமா? தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்ற பழைய பெயரை வைத்து, அப்படிச் செய்ததாக வாசகருக்கும் சொல்லிவிட்டார்.

இதை நான் முதலில் வாசித்தபோது கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. கம்பியை வளைக்க அவருக்கு மனம் வரவில்லை. வளைக்கக்கூடியது எது, வளைக்கக்கூடாதது எது என்று அவருக்கு ஒரு வரிசை இருந்தது. சிறுவயதில் இருந்து அம்மாவோடு அந்த மலை ஏறியிருக்கிறேன். அதிகாலைக் குளிரில் உச்சியில் நின்று, மலையின் முக்கோண நிழல் மேகத்தின்மேல் விழுவதைப் பார்க்கும்போது, இதற்கு மேலே ஒரு கம்பி போகும் என்று நினைக்க எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

#10 கரும்பலகை

கொட்டகலை எழுதியது அருமை. இதையே எதிர்ப்பக்கமும் பார்க்கலாம். ழூல் வெர்ன் 1865-இல் ஃபுளோரிடாவிலிருந்து பீரங்கி வைத்து நிலவுக்கு ஆள் அனுப்பினார். எச். ஜி. வெல்ஸ் 1901-இல் ஈர்ப்பைத் தடுக்கும் ஒரு உலோகத்தை வைத்து அனுப்பினார். நான் இயற்பியலைப் பயன்படுத்துகிறேன், அவர் இல்லாததைப் படைக்கிறார் என்று வெர்ன் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் வெர்னின் 900 அடிக் குழாய்க்குள் அந்த வேகத்தை எட்டினால் உள்ளே இருப்பவர்கள் கூழாகிவிடுவார்கள். என் மாணவர்கள் பத்து நிமிடத்தில் போட்டுக் காட்டுகிற கணக்கு. அதற்காக வெர்னை ஒதுக்கவா முடியும்? விடை தப்பாக இருந்தாலும் வழி எழுதிக் காட்டியவருக்கு மதிப்பெண் உண்டு. அதனால் ‘அறிவியல் சரியாக இருக்கிறதா’ என்பதை மட்டும் அளவுகோலாக வைக்க எனக்குத் தயக்கம்.

#11 மல்லிகைப்பந்தல்

அந்த அளவுகோலைத்தான் நானும் மாற்றச் சொல்கிறேன். இந்த வகையின் வரலாற்றை 1926-இல் கெர்ன்ஸ்பேக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழிலிருந்து சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் 1818-இல் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லி வெளியே நிற்பார். இன்னொருவரும் நிற்பார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

ரொக்கேயா சகாவத் ஹுசைன், வங்காளத்துப் பெண். ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1905-இல் அச்சானது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் வெளியே வந்து ஆளும் நாடு. மேகத்திலிருந்து பலூன் மூலம் நீர் எடுக்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைத்து எதிரிப் படையின்மேல் பாய்ச்சித் துரத்துகிறார்கள்.

படையைத் துரத்துவதோடு விட்டிருந்தால் அது வேடிக்கைக் கதை. ஆனால் கதை சொல்பவள் சமையலறைக்குள் போகிறாள். கரி இல்லை, புகை இல்லை. எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்கிறாள். சூரிய வெப்பத்தில்தான் என்று பதில் வருகிறது. அதே வெப்பம் போர்க்களத்திலிருந்து அடுப்புக்கு வந்துவிட்டது. நூலகப்படி சொன்ன கசிவு இதுதானே? கரியும் புகையும் இல்லாத அடுப்பை 1905-இல் ஒரு பெண்தான் கேட்டிருப்பாள். என் பாட்டிக்கு விறகுப் புகையில் கண் போயிற்று. அந்தப் பக்கத்தை என்னால் உலர்ந்த கண்ணோடு படிக்க முடியாது.

இதை வைத்துக்கொண்டு மேரிலினிடம் திரும்பி வந்தால், கதையில் யாரும் போகாத அறை ஒன்று இருக்கிறது. ‘ஒளிந்து வந்தவரை உடனே வெளியே தள்ளு’ என்று சட்டம் எழுதியிருக்கிறார்கள். சட்டம் எழுதும் அளவுக்கு இது முன்பும் நடந்திருக்கிறது என்றுதானே பொருள்? அப்போதும் ஏன் போர்டோடு நிறுத்தினார்கள்? எரிபொருள் கணக்குக்கு இயற்பியல் பொறுப்பு. போர்டுக்கு யார் பொறுப்பு?

#12 நூலகப்படி

இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதால் கதை தோற்றதா, வென்றதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. எழுபது வருடமாக மனிதர்கள் இந்தச் சின்னக் கலத்துக்குள் நுழைந்து நாற்காலியைக் கழற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பூட்டு, போர்டு, எரிபொருள் என்று ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும் உரிமையை இந்த வகைதான் வாசகருக்குக் கொடுத்தது. சோகக் கதை படிக்கும்போது ‘இவள் ஏன் அந்த வண்டியில் ஏறினாள்’ என்று கேட்டால் ரசனை கெட்டவன் என்பார்கள். இங்கே அதுதான் ரசனை.

#13 தாமிரபரணிக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இந்த இழையை அச்செடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்கே போனேன். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “படகு என்று சொன்னதை நான் வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஊழுக்குப் பேரேடு இருக்கிறது, இதற்கு இல்லை என்று எழுதியிருக்கிறாரே, அவரோடு எனக்குச் சண்டை உண்டு. அந்தப் போர்டை எழுதியவர்கள் கையில் ஒரு பேரேடு இருந்திருக்கும். அதில் இவள் பெயர் இல்லை, அவ்வளவுதான்” என்றார். அடுத்த மாதம் ‘சுல்தானாவின் கனவு’ வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார்.

கரும்பலகை சாருக்கு ஒரு கேள்வி. கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு அன்று என்ன பதில் சொன்னீர்கள்?

#14 கரும்பலகை

பதில் சொல்லவில்லை. “நீயே எழுதிக்கொண்டு வா” என்றேன். மறுவாரம் கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம் கொண்டுவந்தாள். பூட்டு இருந்தால் மேரிலின் திரும்பிப் போய்விடுவாள், கதையே இல்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. அதனால் கலத்துக்கு உள்ளே போகாமல், அது கட்டப்படுவதற்கு முன்னால் போய்விட்டாள். ஓர் அலுவலகம், மேசை, கலத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல். எடை கூடுகிறது, எதையாவது குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஒருவர் சிவப்புப் பேனாவோடு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். ரேடியோ வேண்டும். நாற்காலி வேண்டும். சாமான் அறைக் கதவுக்குப் பூட்டு, 400 கிராம். அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘போர்டு போதும்’ என்று எழுதுகிறார். அப்புறம் மணியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்.